விடுபட்ட கால் பங்கு

அரபு மொழியில் கற்பிப்பவரை முஅல்லிம் என்றும், கற்பவரை முதஅல்லிம் என்றும் கூறுவர். இரண்டு சொற்களும் ‘இல்ம்’ என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எழுத்தில் பார்த்தால் ‘தே’ என்னும் ஓர் எழுத்தே இரண்டையும் பிரிக்கிறது. தமிழிலும் இதே உறவு உண்டு. பயில்பவர் ஒருவர், அவரைப் பயிலச் செய்பவர் பயிற்றுநர். கற்பதும் கற்பிப்பதும் ஒரு வீட்டின் இரண்டு அறைகள் என்பதை இரு மொழிகளும் தம் சொல்லமைப்பிலேயே உணர்த்திவிடுகின்றன.

பாரசீகத்திலிருந்து அரபுக்கும் உருதுவுக்கும் வந்த ‘உஸ்தாத்’ என்னும் சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். மத்ரஸாவில் கிதாபு ஓதிக் கொடுப்பவரும் உஸ்தாத். மோட்டார்ப் பட்டறையில் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக் கொடுப்பவரும் உஸ்தாத். நம் கட்டட வேலைகளில் வழங்கும் ‘மேஸ்திரி’ என்னும் சொல்லோ போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. அதற்கும் ஆசான் என்பதே பொருள். நூல் கற்பிப்பவர்க்கும் தொழில் கற்பிப்பவர்க்கும் முன்னோர் ஒரே மதிப்பைத் தந்தனர். முதலாம் உஸ்தாதைப் பற்றி நம் இதழ்களில் நிரம்ப எழுதியிருக்கிறோம். இரண்டாம் உஸ்தாதைப் பற்றியே இங்குச் சில சொல்ல விழைகிறேன்.

பவணந்தி முனிவர் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில், புலமை எவ்வாறு நிறைவெய்துகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கிக் கொண்டாலும் ஒருவருக்குக் கிட்டுவது கால் பங்கே. அதே துறையில் உழைப்பவர்களோடு கலந்து பயில்வதால் மற்றொரு கால் பங்கு கிட்டும். எஞ்சிய அரைப் பங்கு, பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைப்பதால் வந்து சேரும். இதுவே அக்கணக்கின் சாரம். மத்ரஸாவில் ஓதிய நாட்களில் எங்களுக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. இஷாத் தொழுகைக்குப் பின் நாலைந்து மாணவர் ஒன்றாக அமர்ந்து, பகலில் ஓதிய பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்போம். ‘முதாகரா’ என்று அதற்குப் பெயர். உஸ்தாதின் முன் விளங்காத பல இடங்கள் தோழனின் வாயால் விளங்கிய அனுபவம் மத்ரஸாவில் ஓதிய எவர்க்கும் இருக்கும்.

இந்த அளவுகோலைக் கொண்டு எங்கள் ஊரின் தொழில் ஆசான்களை அளந்து பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊர் அம்பத்தூர். 2011-ஆம் ஆண்டிலிருந்து சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இங்கே காலையில் சிறுவர்களுக்குக் குர்ஆனும் மாலையில் அரபும் தமிழும் கற்பித்து வருகிறேன். 1949-இல் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் இங்கே தோன்றியது. 1964-இல் அரசு நிறுவிய தொழிற்பேட்டை ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்து, சிறு தொழில்களின் பெருநகராகவே ஆயிற்று. பட்டரைவாக்கம் இரயில் நிலையத்தில் விடியற்காலையில் இறங்கும் கூட்டத்தைக் கண்டவர்க்கு இதன் அளவு விளங்கும். லேத்து, பவர் பிரஸ், வார்ப்படம், ரப்பர், ஆயத்த ஆடை என்று இங்கே இல்லாத தொழில் அரிது. இடைக்காலத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் எழுந்துள்ளன. ஆயினும் இரும்பின் ஓசை இன்னும் ஓயவில்லை.

என்னிடம் ‘அலிஃப், பே’ ஓதிய பிள்ளைகள் பலர் டர்னர்களாகவும் ஃபிட்டர்களாகவும் ஆயினர். அவர்களுள் மூவர் இன்று பட்டறைகளில் பயிற்றுநர்கள். புதிதாக வருவோர்க்கு வேலை பழக்குவதே அவர்களுடைய வேலை. ஏட்டுக் கல்வி கற்பிக்கும் நமக்கு எத்தனையோ துணைகள் உண்டு. பாடத்திட்டம் உண்டு, உரைநூல்கள் உண்டு, ஐயம் எழுந்தால் கேட்க மூத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன உண்டு?

அரசு நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிப்போருக்கு வழி வகுக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய பயிற்றுநர்களைப் பயிற்றும் திட்டம் 1948-இலேயே மத்திய மாகாணத்துப் பிலாஸ்பூரை அடுத்த கோனியில் தொடங்கியது. பின்னர்ச் சென்னைக் கிண்டியிலும் அதற்கென மத்திய நிறுவனம் அமைந்தது. இப்பொழுது அது தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் என்னும் பெயரால் வழங்குகிறது. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கென்று 1964-இல் நிறுவப்பட்ட நிறுவனம் தரமணியில் இருக்கிறது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆனால் நாற்பது ஐம்பது பேர் உழைக்கும் ஒரு பட்டறையின் பயிற்றுநர் இவ்வாயில்கள் வழியாக வருபவர் அல்லர். எவருடைய கை நேர்த்தியானதோ, எவர் பல ஆண்டுகள் நிலைத்து நின்றாரோ, அவரை ஒருநாள் அழைத்து, “நாளை முதல் புதுப் பையன்களை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். அன்றிரவு வரை தொழிலாளி, மறுநாள் ஆசான்.

நன்றாகச் செய்வது வேறு. நன்றாகச் செய்யக் கற்பிப்பது வேறு. ஜெர்மனி நாட்டில் தொழிற்கூடங்களில் பழகுநர்களைப் பயிற்றுவோர், கற்பிக்கும் முறையிலும் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று 1972-இல் ஆணை பிறந்தது. 2003-இல் அதை நிறுத்தி வைத்தனர். பயிற்சியின் தரம் பற்றிக் கவலை எழவே 2009-இல் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டு வந்தனர். நம் நாட்டிலோ 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தகுதியுடைய ஒருவரின் பொறுப்பில் பயிற்சி நடைபெற வேண்டும் என்கிறது. 2019-இல் விதிகள் திருத்தப்பட்ட பின், முப்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்துக் கொள்வது கட்டாயம் ஆயிற்று. அதனால் சிறு பட்டறைகளிலும் பழகுநர்கள் பெருகுவர். அவர்களைப் பழக்குவோரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இதை நான் எண்ணத் தொடங்கியதற்கு ஒரு துயரமே காரணம். என் பழைய மாணவர் ஒருவர் பயிற்றுநராக உள்ள பட்டறையில், வட மாநிலத்திலிருந்து வந்து மூன்று வாரமே ஆன ஓர் இளைஞனின் இரண்டு விரல் நுனிகள் பவர் பிரஸ்ஸில் போயின. என் மாணவர் அவ்விளைஞனுக்குத் தமிழும் அரைகுறை இந்தியும் கலந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இளைஞனும் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்திருந்தான். ஒரு வாரம் கழித்து என் மாணவர் என்னிடம் வந்தார்.

“ஹஸ்ரத், உங்களுக்கு உருது தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை” என்றார்.

தனக்குத் தெரிந்த பக்கத்துப் பட்டறைப் பயிற்றுநர்கள் மூவருக்கும் இதே தொல்லை என்று சொல்லவே, அவர்களையும் அழைத்து வரச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின், ஓர் அன்பரின் வீட்டு மாடியில் நால்வரும் அமர்ந்தார்கள். ஹாத், உங்லி, ருகோ, பந்த் கரோ என்று நான் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டே வந்தேன். ‘புரிந்ததா?’ என்பதற்கு ‘சமஜ் கயா?’ என்று எழுதியபோது, அவர்களுள் மூத்தவரான ஓர் இந்து நண்பர் என் கையைத் தடுத்தார்.

“பாய், அந்தச் சொல் எங்களுக்கு வேண்டாம். புரிந்ததா என்று கேட்டால் எவனும் புரிந்தது என்றுதான் சொல்வான். ‘நீ செய்து காட்டு’ என்பதற்கும், ‘ஏன் அப்படிச் செய்கிறாய்’ என்பதற்கும் சொல் கொடுங்கள்” என்றார்.

முப்பதாண்டு கற்பித்த எனக்கும் அது பாடமாயிற்று. ‘கர்கே திகாவ்’, ‘க்யோன்’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் முதல் என் வகுப்பில் ‘விளங்கியதா?’ என்னும் வினாவை நானும் விட்டுவிட்டேன்.

அந்த நண்பர் எந்த நூலையும் படித்து அதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது உலகறிந்த ஒரு முறையின் மூன்றாம் படி என்பதைப் பின்னர் அறிந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு, தொழிற்சாலைகளுக்கு வந்து குவிந்த புது ஆட்களை விரைவில் பழக்க வேண்டி, 1940-இல் ‘தொழிலகத்துள் பயிற்சி’ என்னும் பணியைத் தொடங்கியது. தொழிலாளியைப் பழக்குவதைக் காட்டிலும், பழக்குபவரைப் பழக்குவதே அதன் நோக்கம். பத்துப் பேர் கொண்ட குழு; நாளுக்கு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள்; ஒவ்வொருவரும் தம் பட்டறையிலிருந்து ஒரு வேலையைக் கொண்டு வந்து, மற்ற ஒன்பது பேர் முன்னிலையில் கற்பித்துக் காட்ட வேண்டும். முதற்படி, கற்பவனின் அச்சத்தைப் போக்கி ஆயத்தம் செய்தல். இரண்டாம் படி, வேலையைச் செய்து காட்டிச் சொல்லுதல். மூன்றாம் படி, அவனையே செய்ய வைத்து, செய்வதன் காரணத்தை அவன் வாயாலேயே சொல்ல வைத்தல். நான்காம் படி, தனியே விட்டுவிட்டு அடிக்கடி போய்ப் பார்த்தல். 1945-இல் அப்பணி முடிவதற்குள் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சான்று பெற்றனர். போருக்குப் பின் அது ஜப்பானுக்குச் சென்று, டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றியது. ஜப்பானிய முறைகள் நம் பக்கத்து ஊராகிய பாடிக்கும் வந்தன. அங்குள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றதை இப்பகுதியினர் பெருமையுடன் சொல்வர்.

இம்முறையில் என் உள்ளத்தைக் கவர்ந்தது அந்தப் பத்துப் பேர் என்னும் எண்ணிக்கையே. தனியொருவராக அமர்ந்து படித்தால் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை. அதே வினையைச் செய்யும் ஒன்பது பேரின் கண் முன்னால் செய்து காட்டும்போதுதான் குறை தெரியும் என்று கண்டார்கள். நன்னூலார் சொன்ன அந்த இரண்டாம் கால் பங்கு இதுவே அன்றோ? எங்கள் ஊரின் பயிற்றுநர்கள் தம் ஆசானிடமிருந்து ஒரு கால் பெற்றனர். நாள்தோறும் கற்பிப்பதால் அரைப் பங்கும் பெறுகின்றனர். இடையே உள்ள கால் மட்டும் விடுபட்டுப் போயிற்று. ஒரு சுவருக்கு அப்பால் இன்னொருவர் இதே இடர்ப்பாட்டோடு போராடுகிறார் என்பதை அறியாமலே அவர்கள் ஓய்வு பெற்றுவிடுகின்றனர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மாதம் ஒரு முறையாக நிலைத்தது. ஒருநாள் ஒருவர், மைக்ரோமீட்டரைப் படிக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியவில்லை என்று குறைபட்டார். எண் தானாகவே தெரியும் கருவிகளில் பழகியவர்களுக்குக் கோடுகளைக் கூட்டிப் பார்க்கப் பொறுமை இல்லை. மற்றொருவர் மறுமாதம் அட்டைக் குழாய் இரண்டைக் கொண்டு வந்தார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளிக் குழாயின் விளிம்பில் 50 கோடுகள். ஒரு முழுச் சுற்று அரை மில்லிமீட்டர். ஆகவே ஒரு கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. குழாயைச் சுற்றிச் சுற்றிக் காட்டியபோது, எண்ணும் இரும்பும் அறியாத எனக்கே விளங்கிற்று. அதைச் செய்தவர் ஒன்பது ஆண்டுகளாகத் தம் பட்டறையில் அதை வைத்துக் கற்பித்து வருகிறார். நானூறு அடி தொலைவில் இருந்த மற்றவர்க்கு அது தெரியாது!

இத்தகைய கூட்டத்துக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நான் நன்கறிந்த ஓர் உரிமையாளர், “ஹஸ்ரத், பயிற்றுநர்களை ஒன்று சேர விட்டால், என் ஆளை நாளைக்கு அடுத்த கம்பெனிக்காரர் கூட்டிக்கொண்டு போய்விடுவார்” என்றார். அவருடைய அச்சம் பொருளற்றது அன்று. ஓராண்டுக்குள் எங்கள் கூட்டத்திலிருந்து ஒருவர் வேலை மாறியதும் உண்மை. ஊதியத்துக்காக மாறினார், கூட்டம் இல்லாவிட்டாலும் மாறியிருப்பார் என்றே எண்ணுகிறேன். ஆயினும் உரிமையாளரின் நம்பிக்கை இல்லாமல் இது நிலைக்காது என்பதை உணர்ந்து, மூன்று வரம்புகளை நண்பர்களே வகுத்துக் கொண்டனர். எந்த நிறுவனத்தின் வரைபடத்தையும் வாடிக்கையாளர் பெயரையும் அங்கே பேசுவதில்லை. ஊதியத்தையும் காலியிடத்தையும் பேசுவதில்லை. தவறு செய்த தொழிலாளியின் பெயரைச் சொல்வதில்லை. பொருளின் இரகசியம் முதலாளிக்கு உரியது. விரலைக் காக்கும் வழி எல்லார்க்கும் உரியது. இதைக் கேட்ட அந்த உரிமையாளர் இப்பொழுது தடுப்பதில்லை, ஊக்குவிப்பதும் இல்லை. இதுவே இப்போதைக்குப் போதும்.

இதைவிட ஆழமான அச்சம் பயிற்றுநரின் உள்ளத்திலேயே உண்டு. “என் கையில் உள்ள நுணுக்கத்தையெல்லாம் கொடுத்துவிட்டால், அப்புறம் எனக்கு என்ன மதிப்பு?” என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். அறிவை மறைத்தல் குற்றம் என்று மத்ரஸாவில் எங்களுக்கு முதலிலேயே போதிக்கப்பட்டது. ஆனால் மறைப்பவனின் வயிற்றுப்பாட்டை எண்ணாமல் அந்தப் போதனையை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே வேறொன்றைச் சொன்னேன். மத்ரஸாவில் ஓதி முடித்தவர்க்கு ‘இஜாஸத்’ அளிக்கப்படும். ‘இன்னார் இன்னாரிடம் ஓதினார், அவர் இன்னாரிடம் ஓதினார்’ என்று ஒரு சங்கிலியாக அதில் பெயர்கள் வரும். அப்பெயர்களுள் பலர் ஒரு நூலும் எழுதாதவர்கள். கொடுத்த காரணத்தாலேயே நூற்றாண்டுகள் கடந்து அவர்கள் பெயர் நிற்கிறது. அவர் மறுமொழி கூறவில்லை. ஆயினும் அடுத்த மாதமும் வந்தார்.

தொழிலாளர் தோழமை நம் வரலாற்றுக்குப் புதிதன்று. பதினான்காம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய இப்னு பதூதா, துருக்கியின் அந்தாலியா நகரில் கண்ட ‘அகீ’ என்னும் தோழமைக் குழுவைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். எளிய உடையில் வந்து அவரை விருந்துக்கு அழைத்தவர் தோல் தைக்கும் ஒரு தொழிலாளி. பல்வேறு தொழில் செய்யும் ஏறத்தாழ இருநூறு பேர் அவரைத் தலைவராகத் தேர்ந்திருந்தனர். பகலில் அவரவர் தொழில். மாலையில் ஈட்டியதைக் கொண்டு வந்து ஒன்றாக உண்டு, வழிப்போக்கரையும் உபசரித்தல். அதே இப்னு பதூதா பின்னர் மதுரைக்கும் வந்தவர் என்பது நமக்கு நெருக்கமான செய்தி.

இன்று அம்பத்தூரில் உற்பத்தியாளர்களுக்குச் சங்கம் உண்டு. தொழிலாளர்களுக்குத் தொழிற்சங்கங்கள் உண்டு. இவ்விருவருக்கும் இடையே நிற்கும் பயிற்றுநர் இரண்டிலும் தமக்குரிய இடத்தைக் காண்பதில்லை. 1970-இல் தில்லியில் தொடங்கப்பெற்ற இந்தியப் பயிற்சி மேம்பாட்டுச் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. அத்தகைய அவைகளின் வாயில் வரை செல்லவும் எங்கள் நண்பர்கள் தயங்குகின்றனர். அங்கே ஆங்கிலம்தான் பேசுவார்கள் என்பது அவர்கள் எண்ணம். அவர்களுக்கு எட்டும் தமிழில், எட்டும் தொலைவில், ஒரு மாடியும் சில பாய்களும் போதும்.

இதில் பெண்மக்களை மறத்தல் ஆகாது. எங்கள் ஊரின் ஆயத்த ஆடைக் கூடங்களில் தையல் பழக்கும் பெண்கள் பலர். அவர்களுள் நம் வீட்டு மருமக்களும் உண்டு. ஊசி விரலில் ஏறாமல் காக்கவும், துணி சுருங்காமல் ஓட்டவும் அவர்கள் கண்டறிந்த வழிகள் ஏராளம். ஞாயிறு மாலையில் ஆண்கள் கூடும் மாடிக்கு அவர்கள் வருவதில்லை. என் மனைவி தம் உறவினரான ஒரு தையல் பயிற்றுநரையும் அவருடைய தோழியர் இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்தார். மூவரும் பேசி முடிக்க இரண்டு மணி நேரம் போதவில்லை. ஓய்வு நாளில் வீட்டு வேலை காத்திருக்க, அந்த இரண்டு மணி நேரத்தைத் தருவதற்கு மாமியாரும் கணவரும் மனம் வைக்க வேண்டும்.

வாசக அன்பர்களிடம் நான் வேண்டுவது சிறிதே. உங்கள் குடும்பத்தில் தொழில் பழக்குபவர் எவரேனும் இருந்தால், அவர் கண்டறிந்த வழிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத வராவிட்டால் அவர் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். ஓய்வு பெற்ற ஆசான்களை இத்தகைய கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்; அவர்களுக்குக் கேட்போர் தேவை. “உங்களைப் போல் இதே வேலை செய்பவர் யாரை உங்களுக்குத் தெரியும்?” என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பெயரையேனும் அவர் சொன்னால், அந்த ஒருவரை வரும் ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அழையுங்கள். எங்கள் கூட்டம் நால்வரோடு தொடங்கியது. இருவரோடு தொடங்கினாலும் குறைவில்லை.